பின்பாதிக்காரி

அறுபது அறை வைத்து வீடு கட்டத் தெரிந்தவனுக்குப் பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வார்த்தை உண்மை சொல்லத் தெரியாது. இங்கிலாந்துப் பிரபுக்களைப் பற்றிச் சின்னவளுடைய அபிப்பிராயம் இதுதான். சொந்தப் பிள்ளையைக் குதிரை லாயத்தில் வேலைக்கு விட்டுவிட்டு, எதிரே வந்தால் "யார் இந்தப் பையன்?" என்று கேட்பான். ஏரியில் தம்பி விழுந்து செத்ததை முப்பது வருஷம் மூடி வைப்பான். அவன் மூடி வைத்ததைத் திறக்க நானூறு பக்கம். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று திட்டிக்கொண்டே அடுத்த புத்தகத்தை எடுப்பாள். அவளுக்கு அந்த நாவல்கள் என்றால் உயிர். அந்த மனிதர்கள் என்றால் இளக்காரம். இரண்டும் ஒரே வயிற்றில் சண்டையில்லாமல் குடியிருந்தன.

அவளும் அவள் ஓரகத்தி பெரியவளும் பகல் முழுக்கத் திரைச்சீலை தைப்பவர்கள். கீழே கடை, மேலே குடித்தனம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வீடு வீடாகப் போய் ஜன்னல் அளந்து வருவார்கள், பெண்டாட்டிமார் இரண்டு பேரும் தைத்துத் தள்ளுவார்கள். அதனால் பங்களா நாவல்களில் மற்றவர்கள் கண்ணில் படாதது இவர்கள் கண்ணில் படும். கூரை உயரத்துக்கு ஜன்னல் வைத்திருக்கிறானே, அதற்கு எத்தனை மீட்டர் வெல்வெட் ஆகும், அதை எவள் கழற்றித் தோய்ப்பாள், யாராவது யோசித்தானா? திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒட்டுக் கேட்கிறாளாம். அந்தக் கனத்த துணிக்குப் பின்னால் நின்றால் எதிரே இடி விழுந்தாலும் காதில் ஏறாது.

புத்தகம் தெருமுனைப் பழைய புத்தகக் கடையிலிருந்து வரும். அட்டையில் பங்களா படம் போட்ட மொழிபெயர்ப்பு நாவல் எது எடைக்கு வந்தாலும், கடைக்காரர் இவர்களுக்கென்று எடுத்து வைத்துவிடுவார். புத்தகம் ஒன்று, கண்கள் நான்கு. ஆரம்பத்தில் தினமும் இழுபறி. "நான் எடுத்து வச்சேன்", "நான் பாதியில வச்சிருந்தேன்" என்று. ஒரு நாள் பெரியவளின் புருஷன் பொறுமை இழந்து, சோபாவுக்கு ரெக்சின் வெட்டுகிற கத்தியை எடுத்துப் புத்தகத்தை முதுகோடு இரண்டாகப் பிளந்தார்.

"இந்தா, ஆளுக்குப் பாதி. இனிமே என் காதுல சத்தம் விழக் கூடாது!"

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முன்பாதி பெரியவளுக்கு. மூத்தவள் இருக்க இளையவள் முதல் பக்கத்தைத் தொடுவதாவது! பின்பாதி சின்னவளுக்கு. முடித்த பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பேச்சு.

முதல் இரண்டு நாள் சின்னவள் வெந்து புழுங்கினாள். முகம் தெரியாத ஆட்கள் வந்து அழுகிறார்கள், மன்னிப்புக் கேட்கிறார்கள், யார் எவர் என்றே தெரியவில்லை. அப்புறம் முன்பாதி கைக்கு வந்து படித்தபோதுதான் ருசி தெரிந்தது. எல்லாக் குட்டும் தெரிந்தவளாக முதல் பக்கத்தில் நுழைந்தாள். அந்தச் சீமாட்டி முகத்தில் ஒன்றும் காட்டாமல் விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றுகிறாள். ஊற்றடி ஊற்று, உன் யோக்கியதை எனக்குத் தெரியாதா! ஒவ்வொருவனும் வாயைத் திறந்து பொய் சொல்லச் சொல்லச் சின்னவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உலகத்தில் இதைவிடச் சுகம் வேறு இல்லை என்று முடிவு கட்டினாள்.

பெரியவள் சங்கதி வேறு. முன்பாதி முடிந்ததும் மிஷினை நிறுத்துவாள். வாயில் கவ்விய குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்துவாள். பிறகு நீதிபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "கண்டுபிடிச்சுட்டேன்" என்பாள்.

முதல் தடவை அவள் சொன்னது, "சமையக்காரிதான் உயிலைத் திருடினவ. சரிதானே?"

சமையல்காரி பாவம், கதை முழுக்க அடுப்படியை விட்டே வெளியே வரவில்லை. திருடியது பிரபுவைப் பெற்ற தாய். ஆனால் அன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரிக்கு மூன்று மாடித் திரைச்சீலை தைத்து முடிக்க வேண்டியிருந்தது. தப்பு என்று சொன்னால் பெரியவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் படுத்துவிடுவாள், வேலையெல்லாம் இவள் தலையில் விழும். அதனால், "சரிதான்க்கா. எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டு வைத்தாள்.

பெரியவளுக்கு முகமெல்லாம் பல். பின்பாதியை நீட்டினால் கையை வீசி ஒதுக்கினாள். "தெரிஞ்ச கதையை எவ படிப்பா? வேற புஸ்தகம் வாங்கிட்டு வா."

அவ்வளவுதான். எட்டு வருஷம் அந்தப் பெண்மணி ஒரு நாவலின் பின்பாதியைக்கூடத் தொட்டதில்லை. எட்டு வருஷத்தில் ஒரு யூகம், ஒப்புக்குக்கூட, சரியாக இருந்ததில்லை. தோட்டக்காரன் என்பாள், டாக்டராக இருக்கும். செத்துப்போனாள் என்பாள், அவள் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து பக்கத்து ஊரில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் சின்னவள், "சரிதான்க்கா" என்றாள். முதலில் வேலை கெடாமல் இருக்கத்தான் சொன்னாள், அது உண்மை. பிறகு அதுவே பொழுதுபோக்காகிவிட்டது, அதுவும் உண்மை. முட்டாளை முட்டாள் என்று சொல்லித் திருத்துவதைவிட, "ஆஹா" என்று சொல்லி வேடிக்கை பார்ப்பது அவளுக்கு இனித்தது. நூலைப் பல்லால் கடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

பெரியவளோ வரவர ஊருக்கே துப்பறிய ஆரம்பித்தாள். எதிர்வீட்டில் மோதிரம் காணோம் என்றால் இவளிடம் வந்து கேட்டார்கள். "இவ மூளைக்குப் போலீஸ்ல இருந்திருக்கணும்," என்று அவள் புருஷன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார். "ஆமாங்க மாமா," என்று சின்னவளும் ஒத்து ஊதினாள்.

இதற்கு நடுவில்தான் அந்தக் கல்யாணப் பேச்சு வந்தது.

சின்னவளுக்கு ஒரே தம்பி, லிஃப்ட் மெக்கானிக். பெரியவளுக்கு ஒரே மகள், மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிற வேலை. அவள் கடை இருந்த கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் இவன் பழுதுபார்க்கப் போனான். பழுது சரியான பிறகும் போய்க்கொண்டே இருந்தான். மாமன் முறைதான், யாருக்கும் மறுப்பில்லை. சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா போன பிறகு தோளில் போட்டுத் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லாவற்றையும் தன் கையால் செய்ய வேண்டும், அதைத் தவிர வாழ்க்கையில் அவள் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவளின் அம்மாவும் தம்பியும் பேசி முடிக்க வந்தார்கள். எல்லாம் நல்லபடி போனது. நடுவில் பெரியவள், "பையனோட சின்ன வயசு போட்டோ எதுவும் கொண்டாரலையா?" என்று சும்மா கேட்டாள்.

அம்மா, "அதெல்லாம் எங்க இருக்கு... டீ ஆறுது பாருங்க, குடிங்க," என்று பேச்சை மாற்றினாள். அவன் பிறந்த சமயம் அப்பாவுக்கு வேலை போய், ஆறேழு வருஷம் உறவுக்காரர்கள் வீட்டுப் பின்கட்டுகளில் ஒண்டிக் கிடந்தார்கள். போட்டோ எடுக்கிற நிலையிலா இருந்தார்கள்? சம்பந்தி வீட்டில் வைத்து அதை எப்படிச் சொல்வாள் அவள்?

அவர்கள் படியிறங்கிப் போனதும் பெரியவள் கதவைச் சாத்தினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்."

சின்னவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். இங்கே எந்த நாவலும் பிளந்து கிடக்கவில்லையே!

"அந்தப் பையன் உங்கம்மா பெத்த பிள்ளை இல்லை. எங்கேயோ பெரிய இடத்துப் பிள்ளை. கொண்டாந்து வளத்திருக்காங்க. சரிதானே?"

டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த மகள், "அம்மா!" என்று கத்தினாள்.

"அக்கா, என்ன பேச்சு இது?" என்றாள் சின்னவள். "அவன் பொறந்தப்ப எனக்கு ஒம்பது வயசு. ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் நின்னுட்டிருந்தேன். அவன் துணியைத் துவைச்சதே நான்தான்."

"ஒம்பது வயசுப் பிள்ளைகிட்ட என்ன சொன்னாங்களோ அதைத்தானே நீ நம்புவ? எப்பவும் வீட்டுல ஒரு அப்பாவி இருக்கும், அதுக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. இந்தக் கதையில அது நீ." பெரியவள் பரிதாபத்தோடு அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். "மூக்கைப் பாரு, உங்க யாருக்காச்சும் அப்படி இருக்கா? ஒரு போட்டோ கிடையாது. கேட்டா டீ ஆறுதுங்கறாங்க. நாளைக்குக் கல்யாணம் ஆனப்புறம் எவளாவது வந்து வாசல்ல நின்னு, 'இது என் மகன்'னு சொன்னா என் பொண்ணு கதி?"

"பொறந்த சர்டிபிகேட் இருக்குக்கா!"

"பேப்பர்ல என்ன வேணாலும் எழுதிக்கலாம். போன மாசம் படிச்சோமே, அதுல பாதிரியாரே பொய்யா எழுதிக் குடுக்கலையா?"

அந்தப் பாதிரியார் ஒரு பொய்யும் எழுதவில்லை. அதுவும் இவள் யூகித்ததுதான். சின்னவள்தான் சரி என்று சொல்லியிருந்தாள்.

பெரியவளின் புருஷன் தொண்டையைச் செருமினார். "நானும் எட்டு வருஷமா பாக்கறேன்மா. இவ சொன்னது ஒண்ணு தப்பினதில்லை. நீயே சாட்சி. ஒவ்வொரு தடவையும் நீதானே சொல்லுவ?"

சின்னவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் விட்டத்தைப் பார்த்தான். அண்ணன் முன்னால் அவனுக்கு வாய் வராது.

பெரியவள் தீர்ப்பு சொன்னாள். "உங்கம்மா வந்து எங்கிட்ட உண்மையை ஒத்துக்கட்டும். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்லை. உண்மை தெரிஞ்சா மேற்கொண்டு பேசலாம். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்."

பெற்றவளைப் பார்த்து, "நீ பெத்ததுதானா?" என்று கேட்டால் அந்த அம்மா மறுபடி இந்தப் படியை மிதிப்பாளா? காறித் துப்பிவிட்டுப் போவாள். அதுவும் சின்னவளின் அம்மா! மகனையும் கூடவே இழுத்துக்கொண்டு போவாள்.

ஒரு வாரம் சின்னவள் கெஞ்சிப் பார்த்தாள். பெரியவள் மசியவில்லை. "எனக்குத் தப்பாது" என்ற ஒரே பேச்சு. மகள் அழுத கண்ணோடு வேலைக்குப் போய் ஊர்க்காரர்களின் கண்ணைப் பரிசோதித்துவிட்டு வந்தாள். தம்பி போனில், "அக்கா, உங்க வீட்டுல என்னதான் நடக்குது? ஏன் பேச்சே இல்லை?" என்று கேட்டான். அவனிடம் எதைச் சொல்வது? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. அதற்கு எட்டு வருஷம் தீனி போட்டதும் அவள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் கடையில் இருக்கும்போது, சின்னவள் வெட்டுமேஜைக்கு அடியில் குனிந்து ஒரு மூட்டையை இழுத்தாள். உள்ளே அத்தனை பின்பாதிகளும் இருந்தன. படித்ததைத் தூக்கிப் போட மனசு வராமல் துணிக்கரையால் கட்டி வைத்திருந்தாள். மூட்டையைப் பெரியவளின் மிஷின் பக்கத்தில் தொப்பென்று போட்டாள்.

"அக்கா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இதுவரைக்கும் ஒண்ணைக்கூடச் சரியா கண்டுபிடிச்சதில்லை."

பெரியவள் சிரித்தாள். "போடி, கல்யாணம் நடக்கணும்னு எதையாவது உளறாதே."

"படிச்சுப் பாருங்க." சின்னவள் ஒன்றை உருவிக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்து நீட்டினாள். "ஏரிக்கரை பங்களா. தோட்டக்காரன்னு சொன்னீங்க. படிங்க."

பெரியவள் படித்தாள். உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி மெதுவாகப் படித்தாள். டாக்டர். சின்னவள் அடுத்ததைக் கொடுத்தாள். செத்துப்போனாள் என்று பெரியவள் சொன்ன பெண் உயிரோடு வந்து கதவைத் தட்டினாள். அதற்கடுத்தது பாதிரியார் கதை. பெரியவள் முகம் வெளிறிக்கொண்டே போனது. "போதும் விடும்மா," என்றார் அவள் புருஷன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். தம்பி கல்யாணத்துக்கு அந்த மூன்று தாராளமாகப் போதும். ஆனால் எட்டு வருஷமாகக் குனிந்துகொண்டு சிரித்தவளுக்கு, நிமிர்ந்து சிரிக்க ஒரு நாள் கிடைத்தால் விடுவாளா? உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. நான்காவதை எடுத்தாள், ஐந்தாவதை எடுத்தாள். "இதுல சமையக்காரின்னீங்க. இதுலயும் சமையக்காரின்னீங்க. உங்களுக்குச் சமையக்காரின்னா என்னக்கா அப்படி ஒரு காண்டு?" என்று சொல்லிச் சிரித்தும்விட்டாள். அவளைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

பெரியவள் கையிலிருந்ததை மடியில் வைத்தாள்.

"ஒவ்வொரு தடவையும், 'எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க'ன்னு கேப்பியே," என்றாள். "நான் ஒண்ணொண்ணா விளக்கிச் சொல்வேன். நீ வேலையை நிறுத்திட்டுக் கேப்ப. அப்பெல்லாம் என்ன நினைச்சுட்டிருந்த?"

நினைத்தது என்னவென்று சின்னவளுக்கு நன்றாகத் தெரியும், சொல்லத்தான் முடியாது.

"சரி. உன் தம்பி உங்கம்மா பெத்த பிள்ளைதான். ஒத்துக்கறேன், நான் மக்கு." பெரியவள் எழுந்து நின்றாள். "ஆனா உங்க வீட்டு ஆளுங்க ஏதோ மறைக்கிறாங்கன்னு எனக்குத் தோணுச்சு பாரு, அது தப்பில்லை. ஒரே அடுப்புல சமைச்சு, ஒரே மேஜையில துணி வெட்டி, எட்டு வருஷம் என் மூஞ்சியைப் பாத்துப் பொய் சொல்லிருக்க. இப்படி ஒருத்தியை வளத்த வீட்டுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்."

"அக்கா! அது சும்மா விளையாட்டு... கதைப் புஸ்தகம்தானே..."

"எனக்கு விளையாட்டு இல்லைடி. என் ஜன்மத்துல எனக்கு வந்த ஒரே ஒரு வித்தைன்னு நினைச்சுட்டிருந்தேன்."

பெரியவள் மாடிக்குப் போனாள். அவள் புருஷன் பின்னாலேயே போனார். சின்னவள் தன் புருஷனிடம், "நீங்களாவது சொல்லுங்களேன்," என்றாள். அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நான் எது கேட்டாலும் நீ 'சரிதான்'னுதானே சொல்லுவ?" என்று கேட்டுவிட்டு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அப்புறம் அந்தக் கடையில் இரண்டு மிஷின்களின் சத்தம் மட்டும்தான். பெரியவள் தன் மிஷினை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பழைய புத்தகக் கடைக்காரர் ஒரு தடவை புதிதாக வந்த பங்களாவைத் தூக்கிக்கொண்டு வந்தார், யாரும் வாங்காததால் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். சின்னவளும் சும்மா இருக்கவில்லை. மனசுக்குள் பெரியவளைத் திட்டித் தீர்த்தாள். ஒரு அற்ப நாவலுக்காகப் பெற்ற பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா? கெடட்டும், கடைசியில் தானே வந்து காலில் விழுவாள் என்று காத்திருந்தாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். பெரியவள் மாடியில் இருந்த நேரம் பார்த்து மகள் கடைக்குள் வந்தாள். சின்னவளின் மிஷினுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சித்தி, அம்மா சம்மதிச்சுட்டாங்க. அடுத்த மாசம் ரெஜிஸ்டர் பண்றோம்."

சின்னவள் மிஷினை விட்டு எழுந்தேவிட்டாள். "அப்பாடா! என் வயித்துல பாலை வார்த்தடி! எனக்குத் தெரியும், உங்கம்மாவுக்கு என்னிக்காவது புத்தி வரும்னு. இரு, தம்பிக்குப் போன் போடறேன். துணிமணி எடுக்கணும், ஆளுங்களுக்குச் சொல்லணும், எவ்வளவு வேலை கிடக்கு..."

"உக்காருங்க சித்தி."

அவள் உட்கார்ந்தாள்.

"அவரு எங்கம்மாகிட்ட ஒரு பொய்யும் சொன்னதில்லை, அவரை எதுக்குத் தண்டிக்கறீங்கன்னு நான்தான் தினமும் பேசிப் பேசிச் சம்மதிக்க வச்சேன். அவங்கம்மாவும் நேர்ல வந்து அந்தக் காலத்துல பட்ட கஷ்டத்தையெல்லாம் சொன்னாங்க. ரெண்டு பேரும் சேந்து அழுதாங்க."

"எங்கம்மா இங்க வந்தாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"நீங்க டெலிவரிக்குப் போயிருந்தப்ப." மகள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. கல்யாணத்துக்கு நீங்க வரக் கூடாது."

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். "அது அவ கோபத்துல சொல்றது. என் தம்பி கல்யாணத்துக்கு நான் வராம? நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன்."

"அடிப்பாவி! உங்கம்மாதான் முட்டாளு, உனக்குமா புத்தி இல்லை?"

"முட்டாள்தான் சித்தி. உங்களை நம்பின முட்டாள்." மகள் குரலை உயர்த்தவில்லை. "ஒரே ஒரு தடவை, 'இல்லைக்கா, தப்பு'ன்னு சொல்லிருந்தீங்கன்னா, ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பாங்க. அப்புறம் பின்பாதியை வாங்கிப் படிச்சிருப்பாங்க. நீங்க அதைக்கூட விடலை. நல்லாத்தான் சிரிச்சீங்க."

மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மகள் எழுந்தாள்.

"என் தம்பி?" என்றாள் சின்னவள். "அவன் இதுக்கு ஒத்துக்க மாட்டானே. நான் தூக்கி வளத்த பிள்ளைடி அவன்."

"மொதல்ல ஒத்துக்கலை. உங்களுக்காக எங்கிட்ட ரொம்பச் சண்டை போட்டாரு. அப்புறம் அம்மாவே அவரைக் கூப்பிட்டு உக்கார வச்சு, அந்த அஞ்சு புஸ்தகத்தோட கதையையும், நீங்க அன்னிக்குச் சிரிச்சதையும் சொன்னாங்க. நானும் கூடவே அவரு வீடு வரைக்கும் போனேன். வாசல்ல செருப்பைக் கழட்டிட்டே, 'சரி, அக்கா வேணாம்'னாரு."

மகள் படியேறிப் போனாள். சின்னவள் பாதி தைத்த திரைச்சீலையை மடியில் வைத்துக்கொண்டு, யார் வந்து கூப்பிட்டாலும் கேட்காதவளாக அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.